ஐம்பதைத் தாண்டியும் பாரம் தூக்குகிறவருக்கு எவ்வளவு புரதம் வேண்டும்?

திருமலையில், அதாவது எங்கள் திருகோணமலையில், ஜிம் என்றால் முன்பெல்லாம் இருபது வயதுப் பெடியள் கூடுகிற இடம். இப்போது மாலையில் உள்ளே போனால் பென்சன் எடுக்கிற ஆசிரியர், துறைமுக வேலையில் இருந்து ஓய்ந்தவர், வெளிநாட்டில் உழைத்துவிட்டுத் திரும்பிய அண்ணன்மார் என்று தலை நரைத்தவர்களையும் பார்க்கலாம். சிலரை டொக்டர் அனுப்பியிருப்பார், "சீனி கூடியிருக்கு, உடம்பைக் கொஞ்சம் அசையுங்கோ" என்று. சிலர் தாங்களாகவே வந்தவர்கள். கோணேசர் மலை ஏறும்போது மூச்சு வாங்கத் தொடங்கியதே அவர்களுக்குப் போதுமான காரணம்.

இவர்கள் கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் இரண்டுதான். முதலாவது: "இந்தப் பெடியனுக்கும் எனக்கும் ஒரே அளவு புரதம் போதுமா?" இரண்டாவதைக் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள்: "டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடுகிறவர் புரதத்தை இன்னும் கூட்ட வேணுமாமே, உண்மையா?" (தசையைக் கூட்டும் ஆண் ஹோர்மோன் அது.)

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயது போனவருக்குக் கூடத்தான் வேண்டும், அதுவும் ஒவ்வொரு வேளையிலும். ஊசி போடுகிறவருக்கென்று தனிக் கணக்கு எதுவும் கிடையாது. ஏன் என்பதற்குத்தான் மீதிக் கட்டுரை.

நம் தசை ஒருமுறை வளர்ந்துவிட்டு அப்படியே கிடக்கிற பொருள் இல்லை. ஒவ்வொரு நாளும் அதில் கொஞ்சம் உடைகிறது, கொஞ்சம் புதிதாகக் கட்டப்படுகிறது. உடைவதும் கட்டுவதும் சமமாக இருந்தால் தசை அப்படியே இருக்கும். கட்டுவது குறைந்தால் ஆண்டுக்காண்டு கரையும். 50 வயதுக்குப் பிறகு, எதுவும் செய்யாமல் இருந்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 1 வீதம் தசை போகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். பலம் அதைவிட வேகமாகப் போகும். உயரத்தில் இருக்கும் தண்ணீர்க் குடத்தை இறக்கச் சிரமப்படுவதும், பாயில் இருந்து எழும்பக் கையூன்றுவதும் இதன் ஆரம்பம். மருத்துவத்தில் இதற்குச் சார்கோபீனியா என்று பெயர்.

கட்டுகிற வேலையைத் தொடங்கி வைப்பவை இரண்டு. ஒன்று பாரம் தூக்குவது. மற்றது சாப்பாட்டில் வரும் புரதம். புரதம் செரித்து அமினோ அமிலங்களாகி இரத்தத்தில் ஏறும்போது, அவற்றில் லூசின் என்ற ஒன்று தசைக்கு "வேலையைத் தொடங்கு" என்று சைகை கொடுக்கிறது. இளம் தசை சின்னச் சைகைக்கே எழும்பிவிடும். வயது போன தசை அப்படியில்லை. குடலும் ஈரலும் வருகிற அமினோ அமிலத்தில் கூடுதல் பங்கைத் தங்களுக்கே எடுத்துக்கொள்கின்றன. தசைக்குப் போகும் இரத்த ஓட்டம் குறைகிறது. தசைக்குள் அந்தச் சைகை கடத்தப்படுவதும் மந்தமாகிறது. செவி மந்தமான தாத்தாவிடம் நாள் முழுக்க முணுமுணுத்துப் பயனில்லை, ஒருமுறை உரத்துச் சொன்னால் கேட்கும். தசையும் அப்படித்தான். ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமாகப் புரதம் சாப்பிடுவதைவிட மூன்று நான்கு தடவை கணிசமாகச் சாப்பிடுவது அதற்குக் கேட்கும்.

இனி எண்களுக்கு வருவோம்.

பெரும்பாலான சத்துணவு அட்டவணைகளில் இருப்பது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளுக்கு 0.8 கிராம் புரதம் என்ற அளவு. 70 கிலோ ஆளுக்கு 56 கிராம். ஆரோக்கியமான ஆளுக்குப் புரதக் குறைபாடு வராமல் பார்த்துக்கொள்ளும் அளவு இது. தசையைக் காப்பாற்றுவதற்கோ வளர்ப்பதற்கோ கணக்குப் பார்த்துப் போட்டது இல்லை. 2013-இல் முதியோர் மருத்துவ நிபுணர்களின் சர்வதேசக் குழு ஒன்று கூடி, 65-ஐத் தாண்டிய ஆரோக்கியமானவருக்கு 1.0 முதல் 1.2 கிராம், உடற்பயிற்சி செய்கிறவருக்கு 1.2 கிராமோ அதற்கு மேலோ என்று பரிந்துரைத்தது. நோயில் விழுந்து எழும்புகிறவருக்கு 1.2 முதல் 1.5.

மேல் எல்லை எது? பாரம் தூக்குகிறவர்களை வைத்து நடந்த 49 ஆய்வுகளைச் சேர்த்து 2018-இல் ஒரு தொகுப்பு வந்தது. ஏறத்தாழ 1.6 கிராமுக்கு மேலே போனால் தசை வளர்ச்சியில் கூடுதல் லாபம் தென்படவில்லை என்பது அதன் முடிவு. ஜிம்மில் கேட்கிற "கிலோவுக்கு 3 கிராம்" கதைக்கு இதுதான் பதில். அதே தொகுப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. வயது கூடக் கூட, மேலதிகப் புரதத்தால் கிடைக்கும் பலன் குறைகிறது. ஆகவே பெரியவர் ஒருவர் பவுடர் டப்பாவை இரட்டிப்பாக்கி இளமையை மீட்டுவிட முடியாது.

ஆக, பாரம் தூக்கும் 50, 60 வயதுக்காரருக்கு நான் சொல்வது 1.2-க்கும் 1.6-க்கும் இடையில். 70 கிலோ என்றால் 84 முதல் 112 கிராம். தொப்பை பெரிதாக உள்ளவர் இப்போதைய எடையை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். 95 கிலோ இருந்து 75-க்கு இறங்கப் பார்க்கிறவர் 75-ஐ வைத்தே பெருக்கலாம். கொழுப்புக்குப் புரதம் அவ்வளவு தேவையில்லை.

இப்போது முக்கியமான எண். இளைஞரின் தசை ஒரு வேளையில் கிலோவுக்கு ஏறத்தாழ 0.24 கிராம் புரதத்தோடு உச்சத்தைத் தொட்டுவிடுகிறது, முதியவருக்கு அது 0.40 கிராம் என்று 2015-இல் வெளியான ஓர் ஒப்பீடு காட்டியது. 70 கிலோ ஆளுக்கு முன்னையது 17 கிராம், பின்னையது 28 கிராம். "பெடியனுக்கும் எனக்கும் ஒரே அளவா" என்ற கேள்விக்கு இதுதான் நேரடி விடை. மூன்று வேளை 28 சாப்பிட்டால் 84. நான்கு வேளை சாப்பிட்டால் 112. மேலே சொன்ன கீழ் எல்லையும் மேல் எல்லையும் அப்படியே வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

சரி, திருமலை வீட்டுச் சாப்பாட்டில் இது எப்படி இருக்கிறது? கடலோரத்துக்காரர், மீன் சாப்பிடுகிறவர், புரதத்துக்கு என்ன குறை என்று நினைப்போம். நாள் முழுக்க எழுதிப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும்.

காலையில் ஆறேழு இடியப்பம், சொதி, சம்பல். எல்லாம் சேர்த்து 6, 7 கிராம் புரதம் தேறும். பாணும் சம்பலும் என்றாலும் கதை பெரிதாக மாறாது. இரவு பகல் பார்க்காமல் இரைச்சல் போடுகிற புரத விளம்பரங்களை விட்டுவிட்டு இந்த ஒரு வேளையைச் சரிசெய்தாலே பாதி வேலை முடிந்துவிடும் என்பது என் கட்சி. அதே இடியப்பத்தோடு இரண்டு அவித்த முட்டை வைத்தால் 12 கிராம். மைசூர்ப் பருப்பைத் தண்ணியாக இல்லாமல் கெட்டியாகக் கடைந்து ஒரு கோப்பை எடுத்தால் இன்னும் 9. மொத்தம் 28. பருப்புக் கறி என்ற பெயரில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினால் இந்தக் கணக்கு வராது.

மதியம் சோறும் மீனும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். குழம்பில் வருகிற ஒரு துண்டு என்பது முள்ளும் தோலும் சேர்த்து 50, 60 கிராம்தான் இருக்கும். வீட்டில் ஐந்து பேர் என்றால் மீனை அப்படித்தான் வெட்டுவார்கள். அதில் கிடைப்பது 10 கிராம் புரதம். முள் நீக்கிய பச்சை மீன் 100 கிராம் இருந்தால் 20 முதல் 24 வரை வரும். சூரையில் 24-ஐ ஒட்டி, சாளை, கீரி, பாரை எல்லாவற்றிலும் 20-ஐ ஒட்டி. ஆகவே சூரைத் துண்டு இரண்டு மூன்று, இல்லாவிட்டால் கீரி ஐந்தாறு. விலை கேட்டால் மயக்கம் வருகிற அறக்குளாவில் இருப்பதும் கூறு போட்டு விற்கிற சாளையில் இருப்பதும் தசைக்கு ஒன்றுதான். சாளையில் ஒமேகா-3 கொழுப்பும் நல்ல அளவில் உண்டு. யூரிக் அமிலம் கூடி மூட்டு வீங்குகிறவர் மட்டும் சாளை, நெத்தலி இரண்டிலும் அளவு பார்க்க வேண்டும். கணவாய் 100 கிராமில் 16 கிராம் போல இருக்கும். நெத்தலிக் கருவாட்டில் பாதிக்கு மேல் புரதம்தான், ஆனால் பிரஷர் உள்ளவருக்கு அதன் உப்பு ஆகாது. நன்றாக ஊறவைத்துக் கழுவினாலும் முழுதாகப் போகாது.

சோற்றிலும் கொஞ்சம் புரதம் உண்டு. இரண்டு கோப்பைச் சோற்றில் 7 கிராம் போல. ஒரு கரண்டிப் பருப்பில் 4. மீன் சரியாக இருந்தால் மதியம் 30-ஐச் சுலபமாகத் தாண்டிவிடும்.

பின்னேரம் ஒரு கோப்பை அவித்த கடலை, கொஞ்சம் தேங்காய்ச் சொட்டோடு தாளித்தது, கூட ஒரு பால்தேத்தண்ணி. கடலையில் 13, பால்மாவில் 4 அல்லது 5. டச்சு பே கடற்கரையில் காற்று வாங்கியபடி வடையும் ரோலும் சாப்பிடுவதைவிட இது எவ்வளவோ மேல். வடையை நானும் விடவில்லை, அது வேறு விஷயம்.

இரவு புட்டும் மதியக் குழம்பின் மிச்சமும் என்றால் 10 கிராம்தான் வரும். ஒரு ஓம்லெட்டும் ஒரு கிண்ணம் தயிரும் சேர்த்தால் 25-ஐத் தொடலாம். கந்தளாய்ப் பக்கம் சட்டியில் வருகிற எருமைத் தயிரில் 100 கிராமுக்கு 4 கிராம் போல இருக்கும். கொழுப்பும் கூடவே வரும், சீனியும் பாணியும் ஊற்றாமல் சாப்பிடுகிறவருக்கு அது பெரிய பிரச்சினையில்லை.

கூட்டிப் பாருங்கள்: 28, 33, 18, 25. ஏறத்தாழ 104 கிராம். 70 கிலோ ஆளுக்கு கிலோவுக்கு 1.5. ஒரு டப்பாவும் திறக்கவில்லை.

அதற்காகப் பவுடர் கூடாது என்று சொல்ல வரவில்லை. பாலைத் திரித்துப் பாற்கட்டி எடுத்தபின் மிஞ்சும் நீரிலிருந்து கிடைக்கும் வே புரதத்தில் லூசின் கூட, வேகமாகச் செரிக்கும், ஒரு கரண்டியில் 20 முதல் 25 கிராம் வரும். பல் போனதால் மீனையும் இறைச்சியையும் மெல்ல முடியாத ஐயாவுக்கு அது உண்மையிலேயே உதவும். காலையில் சமைக்க ஆளில்லாதவருக்கும் உதவும். கொலாஜன் பவுடரை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் லூசின் குறைவு, டிரிப்டோபான் என்ற அமினோ அமிலம் அறவே இல்லை. தசைக்கு அது ஏற்றதில்லை.

சைவக்காரர் என்ன செய்வது? சோயா மீட் இருக்கிறது. காய்ந்த சோயா மீட் 50 கிராமில் 25 கிராம் புரதம், விலையும் குறைவு. கடலை, பயறு, உழுந்து, பால், தயிர் எல்லாம் கை கொடுக்கும். தாவரப் புரதத்தில் லூசின் சற்றுக் குறைவு என்பதால் வேளைக்கு 28 என்பதை 32, 35 என்று வைத்துக்கொள்வது நல்லது. வெள்ளிக்கிழமைச் சைவத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் பாலும் பழமும் மட்டும் எடுக்கிறவர் அந்த வாரம் பாரத்தைக் குறைத்து இலேசாகச் செய்யட்டும், கட்டிய தசை ஆறு நாளில் கரைந்து போகாது. கிண்ணியா, மூதூர்ப் பக்கம் நோன்பு பிடிக்கிறவர்களுக்கு இரவில் மூன்று வாய்ப்பு இருக்கிறது: நோன்பு திறக்கும்போது, தராவீஹ் தொழுகை முடிந்து வந்து, பிறகு விடியுமுன் சஹருக்கு. நோன்புக் கஞ்சியோடு முட்டையோ கோழியோ சேர்த்து, சஹரில் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் என்று முடிக்காமல் விட்டால், மூன்றுக்கும் 28 வைப்பது கடினமில்லை.

எவ்வளவு புரதம் சாப்பிட்டாலும் பாரத்தைத் தொடாவிட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. இதற்கு நல்ல சாட்சி 1994-இல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் நடந்த ஆய்வு. தளர்ந்துபோன 100 பேரை வைத்துப் பார்த்தார்கள். காலுக்குப் பாரப் பயிற்சி செய்தவர்களுக்குப் பலம் இரட்டிப்புக்கு மேல் கூடியது. பயிற்சி இல்லாமல் சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. அவர்களின் சராசரி வயது 87. அறுபது வயதில் "இனி எனக்கெதற்கு" என்கிறவர்களுக்கு இதை வாசித்துக் காட்டலாம். எதிர்ப்பக்கமும் தெரியவேண்டும்: 2007-இல் ஆரோக்கியமான முதியவர் சிலரை 10 நாள் கட்டிலில் படுக்க வைத்துப் பார்த்ததில், கால்களில் மட்டும் ஏறத்தாழ 1 கிலோ தசை போனது. அதனால்தான் டெங்கு வந்தோ சத்திரசிகிச்சை செய்தோ படுத்து எழும்பும் பெரியவருக்குக் கஞ்சியையே கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. முட்டையும் மீனும் வேண்டிய காலம் அதுதான்.

பயிற்சிக்கு இன்னொரு குணமும் உண்டு. பாரம் தூக்கிய தசை அடுத்த ஒரு நாள் வரைக்கும் புரதத்துக்கு நன்றாகவே செவி கொடுக்கும். ஆகவே பயிற்சி முடிந்து அரை மணி நேரத்துக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்று ஓடத் தேவையில்லை. வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சாப்பிடலாம்.

இப்போது அந்தத் தாழ்ந்த குரல் கேள்வி.

டெஸ்டோஸ்டிரோன் எடுப்பவர்களில் இரண்டு வகை. ஒருவர், அறிகுறிகளும் இருந்து, இரண்டு வெவ்வேறு நாள் காலையில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தப் பரிசோதனையிலும் அளவு குறைவாக வந்து, டொக்டர் எழுதிக் கொடுத்து எடுப்பவர். அவருக்குக் கொடுப்பது உடம்பு இயல்பாகச் சுரக்க வேண்டிய அளவுக்கு ஈடான மருந்து. மற்றவர், ஜிம் மூலையில் கைமாறும் குப்பியை வாங்கிக் குத்திக்கொள்பவர். அந்தக் குப்பிக்குள் இருப்பது என்ன, எவ்வளவு என்பது விற்கிறவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

இந்த ஹோர்மோன் தசையில் என்ன செய்கிறது? புதுப் புரதம் கட்டும் வேகத்தைக் கூட்டுகிறது. அதோடு, உடைந்த தசையிலிருந்து வரும் அமினோ அமிலங்களை வெளியே போகவிடாமல் தசைக்குள்ளேயே மறுபடி பயன்படுத்த வைக்கிறது. ஜிம் கதைக்கு நேர் எதிரானது இந்த இரண்டாவது வேலை. உள்ளதைச் சிக்கனமாகப் பாவிக்கிற தசைக்கு வெளியிலிருந்து இன்னும் இன்னும் கொட்ட வேண்டிய அவசியம் என்ன?

ஆய்வும் அதையே சொல்கிறது. 2018-இல் வெளியான ஒன்றில், 65-ஐத் தாண்டிய, நடையுடை தளர்ந்த 92 ஆண்களை எடுத்தார்கள். சிலருக்கு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம், சிலருக்கு 1.3. ஒவ்வொரு பிரிவிலும் பாதிப் பேருக்கு வாரம் 100 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன், மீதிப் பேருக்கு வெறும் ஊசி. ஆறு மாதம். டெஸ்டோஸ்டிரோன் எடுத்தவர்களுக்குத் தசை எடை கூடியது. புரதத்தைக் கூட்டியதால் அந்தப் பலன் மேலும் கூடவில்லை. அவர்களுக்குப் பாரப் பயிற்சி கொடுக்கப்படவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. பாரம் தூக்குகிறவருக்கு 0.8 போதும் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் ஊசிக்காகத் தனியாகப் புரதம் கூட்டு என்பதற்கும் இதில் ஆதாரம் இல்லை.

பெரிய அளவில் எடுத்தால்? 1996-இல் நடந்த பிரபலமான ஆய்வில் 43 இளம் ஆண்கள். வாரம் 600 மில்லிகிராம், 10 வாரம். அது மருந்தாகக் கொடுக்கும் அளவைப்போல ஆறு மடங்கு. ஊசியும் பயிற்சியும் சேர்ந்தவர்களுக்குக் கொழுப்பு நீங்கிய எடை 6.1 கிலோ கூடியது. அவர்கள் சாப்பிட்ட புரதம்? கிலோவுக்கு 1.5 கிராம். அவ்வளவுதான்.

கையில் கணக்குப் போட்டும் பார்க்கலாம். தசையில் முக்கால் பங்கு தண்ணீர், ஐந்தில் ஒரு பங்குதான் புரதம். 6.1 கிலோவும் முழுக்கத் தசை என்றே வைத்துக்கொண்டாலும் அதில் புரதம் 1.2 கிலோ. அதை 70 நாளால் பிரித்தால் நாளுக்கு 17 கிராம். செரிமானத்தில் போகும் சேதாரத்தைச் சேர்த்தாலும், அவ்வளவு பெரிய அளவு ஊசிக்கே கூடுதலாகத் தேவைப்படுவது சூரை இரண்டு மூன்று துண்டு. மருந்தளவில் எடுக்கும் ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு அதிலும் சொற்பம். 1.2 முதல் 1.6 என்ற வரம்புக்குள் அது தாராளமாக அடங்கிவிடும்.

ஊசி எடுப்பவர் புரதத்தைவிடக் கவலைப்பட வேண்டியது இரத்தத்தைப் பற்றி. டெஸ்டோஸ்டிரோன் செங்குருதிக் கலங்களைப் பெருக்கி இரத்தத்தைத் தடிக்க வைக்கும். இரத்தத்தில் அந்தக் கலங்களின் பங்கைக் காட்டும் ஹீமாட்டோக்ரிட் என்ற அளவு 54 வீதத்தைத் தாண்டினால் டொக்டர்கள் ஊசியை நிறுத்தி வைப்பார்கள். புரொஸ்டேட் பரிசோதனையும் பார்க்க வேண்டும். விந்தணு உற்பத்தி அடங்கிப்போகும், பிள்ளை வேண்டும் என்றிருக்கும் இளம் ஆணுக்கு இது சின்ன விஷயமில்லை. இதய நோய் அபாயம் உள்ள, டெஸ்டோஸ்டிரோன் குறைந்த 5,000-க்கு மேற்பட்ட ஆண்களை வைத்து நடந்த பெரிய ஆய்வு 2023-இல் வெளியானது. மருந்தளவில் மாரடைப்பும் பக்கவாதமும் கூடவில்லை என்பது நிம்மதி. இதயத் துடிப்புச் சீர்குலைவு, நுரையீரலில் இரத்தக் கட்டி, திடீர்ச் சிறுநீரகப் பாதிப்பு ஆகியவை சற்றுக் கூடுதலாகக் காணப்பட்டன என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. டொக்டரின் கண்காணிப்பில் கிடைத்த முடிவு இது. மூலையில் வாங்கிய குப்பிக்கு இந்த நிம்மதி பொருந்தாது.

கடைசியாகச் சிறுநீரகம். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு 1.2 முதல் 1.6 வரை புரதம் சாப்பிட்டால் அது கெட்டுவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் உங்களுடையது நல்ல சிறுநீரகமா என்பதை ஊகித்துக்கொள்ளக் கூடாது. சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கிற வீடுகள் இங்கே ஏராளம், இரண்டும் சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் தின்னும். அனுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவிக் கிடக்கிறது. நம் மாவட்டத்தின் பதவி சிறிபுர அந்தப் பகுதியை ஒட்டியது. ஆகவே புரதத்தைக் கூட்டுவதற்கு முன் இரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவும் (சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டியது) சிறுநீரில் அல்புமின் என்ற புரதமும் எவ்வளவு என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிறுநீரகம் ஏற்கெனவே கடுமையாகப் பழுதாகி, இன்னும் டயாலிசிஸுக்குப் போகாதவருக்கு மேலே சொன்ன எண்கள் எதுவும் பொருந்தாது, அவர் குறைவாகச் சாப்பிட வேண்டியிருக்கும். டயாலிசிஸ் தொடங்கியவருக்கு மறுபடி கூட வேண்டும். இரண்டையும் கிளினிக்கில் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

அந்த ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது ஒரு விஷயம். கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. நிறையத் தசை உள்ளவருக்கும், கிரியேட்டின் பவுடர் எடுப்பவருக்கும், முந்தின இரவு இறைச்சி நிறையச் சாப்பிட்டவருக்கும் சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் அந்த எண் கொஞ்சம் ஏறித் தெரியலாம். ரிப்போர்ட்டை நீட்டும்போதே "நான் பாரம் தூக்குகிறவன், இன்னது இன்னது எடுக்கிறேன்" என்று டொக்டரிடம் சொல்லிவிடுங்கள், ஊசி உட்பட. சந்தேகம் இருந்தால் தசையின் அளவால் அவ்வளவு மாறாத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையை அவர் எழுதித் தருவார்.